முப்பத்தேழில் நின்ற முள்

இது ராத்திரியில் நடக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இருட்டு, நிழல், அரைத்தூக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இதில் வழியே இல்லை. பட்டப்பகல். உச்சி வெயில். கூடவே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

நடந்தது சின்னவளுக்கு. அண்ணனும் தம்பியும் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் தம்பியின் மனைவி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. கணவன் போனபின் அவள் ஒரு சொட்டு அழவில்லை. அடக்கிக்கொண்டதாக மற்றவர்கள் நினைத்தார்கள். அடக்க எதுவும் இருக்கவில்லை. விரல்கள் எப்போதும் சில்லென்று இருந்தன. தேய்க்கும் சக்கரத்தில் பட்டுத் தோல் கிழிந்தால், லென்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவன் போனது கோடையில். தகரக் கூரை போட்ட ஷெட்டில், காரின் வாய்க்குள் தலையைவிட்டு வேலை செய்துகொண்டிருந்தவன் அப்படியே தரையில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு பார்த்தபோது செல்சியஸில் நாற்பத்தொன்று புள்ளி ஆறு. தோல் சிவந்து காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"முப்பத்தேழுக்கு இறங்கிட்டா போதும்மா, பொழைச்சுக்குவார்" என்றாள் நர்ஸ்.

சின்னவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழுக்கு இறங்கத்தான் செய்தது. ஆனால் அப்போது அவன் இல்லை. அந்தக் கை கொஞ்ச நேரம், சரியாக ஒரு மனிதக் கையின் சூட்டில் இருந்தது. பிறகு அங்கே நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது.

அவன் விட்டுப்போனது அந்தக் கார். பழைய சின்னக் கார்; அதன் மூக்குக்குள் அதைப்போல இரண்டு மடங்கு பெரிய வண்டியின் எஞ்சினைத் திணித்து உட்காரவைத்திருந்தான். எஞ்சின் ஓடும். அதைக் குளிரவைக்க வழி பண்ணுவதற்குள் அவனே விழுந்துவிட்டான்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, கணவனின் அண்ணன் பேச்சை எடுத்தார்.

"ஷெட்டை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கு. திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான், காரை எடுத்துட்டுப் போகட்டும்."

"ஓடற காரை எதுக்கு அத்தான் இரும்புக்குப் போடணும்?"

"எங்க ஓடுது? தெருமுனை வரைக்கும் ஓடும். அப்புறம் குக்கர் மாதிரி விசில் அடிக்கும்."

"மலை உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்தா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "வந்தா, உன் பேருக்கே மாத்தித் தந்துடறேன். ஆனா நானும் கூட வருவேன். பாதியில நின்னா அங்கேயே விட்டுட்டு பஸ்ஸுல வந்துடணும். சம்மதமா?"

கெட்ட மனுஷர் இல்லை அவர். அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் தம்பி விழுந்துகிடந்த தரைதான் அவருக்குத் தெரிந்தது. சின்னவளுக்கு வேறு மாதிரி. அவன் கை கடைசியாகப் பட்ட பொருள் அது. அதுவும் போய்விட்டால், இனிமேல் தனக்கு எதுவுமே நேராது என்று பட்டது. நல்லதும் நேராது, கெட்டதும் நேராது. லென்ஸ் தேய்த்துக்கொண்டே வயதாகிவிடும்.

"சம்மதம்" என்றாள்.

ரேடியேட்டர் கடைக்காரருக்குப் பட்டப்பெயர் சோடா. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். அந்தக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்ததே சின்னவள்தான்.

"அண்ணே, கொதிக்காம மலை ஏறணும்."

"ஏறலாம் தங்கச்சி. முதல்ல என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்றேன். சூடாகுதுன்னா எல்லாரும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கடாசிடறாங்க. இல்லைன்னா எண்பத்திரண்டு டிகிரில திறக்கறதை எடுத்துட்டு எழுபத்தொண்ணுல திறக்கறதைப் போடறாங்க." அவர் ஒரு தெர்மோஸ்டாட்டை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைச் சாமான். நடுவில் ஒரு ஸ்பிரிங், ஒரு வட்ட மூடி. "இது எஞ்சினுக்குக் கதவு. எஞ்சின் குளிர்ந்திருக்கறப்ப மூடிக்கும். உள்ள மெழுகு இருக்கு. சூட்டுல அது உப்பி மூடியைத் தள்ளும். அப்பதான் தண்ணி ரேடியேட்டருக்குப் போகும்."

"சீக்கிரமே திறந்தா நல்லதுதானே?"

"சின்ன ஜன்னலைச் சீக்கிரம் திறந்தா அது பெரிய ஜன்னல் ஆயிடுமா? எஞ்சின் எவ்வளவுக்குக் கீழ போகக்கூடாதுன்னு சொல்றதுதான் தெர்மோஸ்டாட். எவ்வளவுக்கு மேல போகாதுன்னு பார்த்துக்கறது ரேடியேட்டர். உனக்கு வேண்டியது பெரிய ஜன்னல்."

கடையில் மூன்று ரேடியேட்டர் இருந்தன. லாரியிலிருந்து கழற்றிய கனத்த செம்பு ஒன்று. நாலு வரிசைக் குழாய் உள்ள தடித்த அலுமினியம் ஒன்று. இரண்டு வரிசையில், அகலமாக ஒன்று. சின்னவள் தடித்ததைத் தொட்டாள்.

"அது வேணாம். முன் வரிசை தாண்டறதுக்குள்ளயே காத்து சூடாயிடும், பின் வரிசைக்கு வெந்த காத்துதான் போகும். அகலம்தான் முக்கியம். கார் மூக்கை அளந்தியா?"

லென்ஸ் அளக்கும் கருவியாலேயே அளந்து வந்திருந்தாள். சோடா சிரித்துவிட்டார். "காருக்குக் கண்ணாடி போடப் போறியா?" அகலமான இரண்டு வரிசை ரேடியேட்டர் ஒரு விரல் இடைவெளியில் உட்காரும் என்று தெரிந்தது. பின்னால் இரண்டு மின்விசிறி.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ தங்கச்சி" என்றார் சோடா. "சூடு காணாமப் போகாது. எங்கயாவது போயே ஆகணும். நீ வழி காட்டலைன்னா அதுவே ஒரு வழி பார்த்துக்கும்."

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தப் பை ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் உடுப்பைப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பை. போட்ட முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து அவிழ்த்தாள். பேன்ட் பையில் கனமாக ஏதோ இருந்தது.

ஒரு தெர்மோஸ்டாட். எண்பத்திரண்டு என்று பொறித்திருந்தது. விழும்போது அவன் பையில் இருந்திருக்கிறது. அவன் தேர்ந்தெடுத்தது.

"அதையே போடலாம்தான். ஆனா சோதிச்சுப் பாரு" என்று சோடா வழி சொன்னார். மூடியின் இடுக்கில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். தண்ணீரைச் சூடாக்க வேண்டும். மூடி திறந்ததும் நூல் நழுவும். தெர்மோஸ்டாட் பாத்திரத்தின் அடியில் விழும். எத்தனை டிகிரியில் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் சோதித்தாள். வீடு அமைதியாக இருந்தது. ஜன்னல் வழியே வெயில் மேடைமேல் விழுந்துகிடந்தது.

முதலில் சோடா கொடுத்த புதியது. தண்ணீர் ஆவி கிளப்பி, எண்பத்திரண்டைத் தொட்டதும்...

டக்.

சரியாக இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தாள். அவனுடையதை நூலில் கோத்துத் தொங்கவிட்டாள். அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியை எடுக்கத் திரும்பினாள்.

டக்.

பார்த்தாள். தெர்மாமீட்டரில் முப்பத்தேழு.

நூலைச் சரியாகக் கோக்கவில்லை என்று நினைத்தாள். மறுபடி பச்சைத் தண்ணீர், மறுபடி நூல். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு.

டக்.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதுதான் பின்னால் அவளைப் பயமுறுத்தியது. தண்ணீரில்லாமல் நூலைக் கோத்து, தெர்மோஸ்டாட்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். சில்லிட்ட கைதான். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ மெல்ல அசைந்தது. தூங்குகிறவன் விரலை அசைப்பதுபோல. நூல் நழுவி மேடைமேல் விழுந்தது.

"என்ன சமையல்? இரும்பு ரசமா?" ஓரகத்தி வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும், "தள்ளு, நான் பார்க்கறேன்" என்று நூலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஐம்பது. எழுபது. தொண்ணூறு. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நூல் நழுவவே இல்லை.

"உயிரில்லாத சாமான்டி இது. செத்துப்..." ஓரகத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுப்பை அணைத்தார்கள். சின்னவள் சொன்னாள், "சரிக்கா. புதுசையே போட்டுடறேன்."

புதியதைத்தான் போட்டார்கள். அன்று சாயங்காலம் சோடா அவள் கண்ணெதிரே அதை எஞ்சினில் வைத்து, மேலே வரும் மூடியின் விளிம்பில் பசை பூசி, இரண்டு போல்ட்டையும் இறுக்கினார். எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சைக் கூலண்ட் ஊற்றிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றினார். எஞ்சினை ஓடவிட்டார்கள். எண்கள் போட்ட சூட்டு மீட்டரில் முள் எண்பத்திரண்டு வரை ஏறியது. ரேடியேட்டரின் மேல்குழாய் சுட்டது. விசிறிகள் சுற்றின. முள் தொண்ணூறைத் தாண்டவில்லை. அவனுடைய தெர்மோஸ்டாட்டைச் சின்னவள் அதே பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சிட்டு அலமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் கிளம்பினார்கள். அத்தான் பக்கத்து சீட்டில், மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தார்.

"எனக்கு இல்ல. உன் காருக்கு. தாகம் எடுத்து அழும்ல?"

முதல் வளைவு வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். கியர் மாற்றும்போதெல்லாம், "விசில் வருதா? வருதா?" என்று காதைத் தீட்டினார். எஞ்சின் மலையைச் சமதரை மாதிரி இழுத்தது.

சின்னவள் மீட்டரைப் பார்த்தாள். முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தேழு.

அங்கேயே நின்றது.

இன்னும் சூடாகவில்லை என்று நினைத்தாள். இரண்டு வளைவு தாண்டினாள். நான்கு வளைவு. எதிரே ஒரு லாரி புகைந்துகொண்டு ஓரம்கட்டி நின்றது. முள் முப்பத்தேழில் இருந்தது. முன்னால் விசிறிச் சத்தமே இல்லை.

மீட்டர் கெட்டிருக்க வேண்டும். அப்படித்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் நினைத்தது அது இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களில் இதமாக ஒரு சூடு பரவிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. யாரோ அவள் கைகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதுபோல.

"கண்ணாடியை இறக்கும்மா" என்றார் அத்தான்.

"இறக்கித்தான் இருக்கு அத்தான்."

"புழுங்குது."

மலைக்காற்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பு படபடத்தது.

அடுத்த வளைவு.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையைப் பார்த்தார். அதில் ஈரமே இல்லை.

முள் அசையவில்லை.

அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே, உச்சியின் பெயர்ப்பலகை வெயிலில் மின்னியது. இன்னும் ஒரே வளைவு. ஏறிவிட்டால் கார் அவளுடையது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

முகம் சிவந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தோல் காய்ந்து, காகிதம் மாதிரி. கண் பாதி திறந்து எதையும் பார்க்காமல் இருந்தது.

அந்த நிறத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

எங்கயாவது போயே ஆகணும்...

புரிந்தது. புரிந்தபிறகும் கால் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது.

முப்பத்தேழு.

இறங்கவில்லை. இந்தத் தடவை இறங்கவில்லை. நிறுத்தினால் இறங்கிவிடும்.

இன்னும் கொஞ்சம்...

பாட்டில் அவர் மடியிலிருந்து உருண்டு அவள் காலடியில் இடித்தது. அவள் காலை எடுத்தாள். பிரேக்கை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது.

பானட்டுக்கு அடியில்...

டக்.

முள் இறங்கத் தொடங்கியது. முப்பத்தாறு. முப்பத்துநான்கு. அவள் அதைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அவரை வெளியே இழுத்தபோது அவர் சரிந்து பானட்மேல் விழுந்தார். வெந்துபோகப் போகிறாரே என்று பதறித் தாங்கினாள். அவள் கையும் பானட்மேல் பட்டது. மலை முழுக்க ஏறிவந்த எஞ்சினின் பானட்...

சில்லென்று இருந்தது.

பாட்டில் தண்ணீரை அவர் தலையில், கழுத்தில், மார்பில் ஊற்றினாள். தலைப்பை நனைத்து விசிறினாள். மேலிருந்து இறங்கிவந்த ஒரு வேன்காரர் இருவரையும் ஏற்றிக்கொண்டார். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பனிக்கட்டி வைத்தார்கள், ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அவருக்கு வியர்த்தது. டாக்டர் அதைப் பார்த்து, "பொழைச்சார்" என்றார்.

உள்ளே கொண்டுபோனபோது உடம்புச் சூடு எவ்வளவு இருந்தது என்று சின்னவள் கேட்டாள்.

"நாற்பத்தொன்று புள்ளி ஆறு."

காரைச் சோடா கட்டியிழுத்து வந்தார். மறுநாள் அவள் எதிரிலேயே தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார். அவர் பூசிய பசை பூசியபடி இருந்தது. கத்தியால் கிழித்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நான் போட்டது இது இல்லையே தங்கச்சி."

அவனுடையது. சோடா அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். உள்ளே மெழுகு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. "எப்பவோ கசிஞ்சு போயிருக்கு. இது எத்தனை டிகிரிலயும் திறக்காது. இதைப் போட்டுக்கிட்டு ஒரு மேடுகூட ஏறியிருக்க முடியாது, கொதிச்சு எஞ்சினே சுத்தாம இறுகிப் பிடிச்சிருக்கும். நீ எப்படி ஏறின?"

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். பிளாஸ்டிக் பை வைத்த இடத்தில் இருந்தது. அவள் போட்ட அதே முடிச்சு. அவிழ்த்தாள். அவன் சட்டைக்கு நடுவில் புதிய தெர்மோஸ்டாட் கிடந்தது. சட்டை பச்சையாக நனைந்திருந்தது. கூலண்டின் அந்த இனிப்பு வாசனை.

இரும்புக்காரனை அவளே கூப்பிட்டனுப்பினாள். அத்தான் கட்டிலில் படுத்தபடி தடுத்தார்.

"வேணாம்மா. நீயே வச்சுக்கோ. உச்சிக்கு என்ன, ஒரு வளைவுதானே பாக்கி."

"இல்ல அத்தான். போகட்டும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உனக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"எதுக்கு அத்தான்?"

"நிறுத்துன்னு அத்தனை தடவை சொன்னேனே. கெஞ்சினேனே."

அவளுக்கு அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. அவர் புழுங்குகிறது என்று சொன்னதற்குப் பிறகு காருக்குள் காற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது என்று அவள் சத்தியம் செய்வாள்.

"புழுங்குதுன்னு சொன்னதுக்கு அப்புறம் நீங்க பேசவே இல்லையே அத்தான்."

"பேசினேன். நீதான் என் பக்கமே திரும்பலை." அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "பின்சீட்டைப் பார்க்கற கண்ணாடி இருக்குல்ல... அதையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு வந்த. 'இறங்கல, இறங்கல, இந்தத் தடவை இறங்காது'ன்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டே வந்த."

அந்தக் கண்ணாடி அந்தக் காரில் இல்லை. ஷெட்டில் அவன் விழுந்த அன்றே அது உடைந்து விழுந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் வேறு போடவில்லை.